கிளிக்குக் காய்கறி வாங்க தருமபுரி உழவர் சந்தை

கிளிக்கு எந்தக் கடையில் தீனி வாங்குகிறீர்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால், உழவர் சந்தையில் என்றுதான் சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். பறவைக்கடைப் பெயர் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். தருமபுரி உழவர் சந்தையில் விலை சல்லிசு, எடை சரியாக இருக்கும், காய் வாடாமல் இருக்கும் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூண்டுப் பறவை வைத்திருப்பவர்களுக்கு அங்கே இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. காயை விற்பவரே அதை விளைய வைத்தவர். "இதுக்கு மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஏசி இருக்கிறது, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், நம் உடம்பு ஐம்பது அறுபது கிலோ. என் வீட்டுப் பறவைகள் ஒவ்வொன்றும் சுமார் 100 கிராம். நாம் சாம்பாரில் போட்டு வேகவைத்துத் தின்கிற காயை அவை பச்சையாக, தோலோடு, அலகால் நசுக்கித் தின்கின்றன. காயின் மேலே படிந்த மருந்தைக் கழுவி ஓரளவு போக்கலாம். செடிக்குள் ஊடுருவி நிற்கிற மருந்து உப்புத் தண்ணீருக்கும் போகாது, மஞ்சள் தண்ணீருக்கும் போகாது. அதனால் கழுவுவதற்கு முன்னால் கேட்டு வாங்குவதுதான் வழி.

பறவைப் பைத்தியம் எனக்குக் கிடையாது, என் மகனுக்குத்தான். ஆசை ஆசையாக வாங்கினான், ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டான். கூண்டு என் தையல் கடையின் பின்கட்டுக்கு வந்துவிட்டது. சன் கான்யூர் என்கிற மஞ்சள் நிறக் கிளி ஒன்று, பெயர் மஞ்சு. காக்டைல் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளி ஒரு ஜோடி, துரையும் ராணியும். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் மஞ்சு கத்துவாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்கிறவர்களில் சிலர், "எங்க தோட்டத்துல பச்சைக்கிளிக் குஞ்சு இருக்குது, கொண்டாந்து தரட்டுமாக்கா?" என்று கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் வளர்க்க முடிவது காக்டைல், லவ் பேர்ட்ஸ், கான்யூர் மாதிரி அயல்நாட்டு இனங்கள்தான். அதிலும் கான்யூர் போன்றவற்றை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. அதை மகன் பார்த்துக்கொண்டான். தீனி பார்ப்பது என் வேலை.

அவன் விட்டுப்போனபோது தீனி என்றால் ஒரு பாக்கெட். கம்பெனிப் பெயர் வேண்டாம். படத்தில் கேரட், மாதுளை, பட்டாணி எல்லாம் பளபளவென்று இருக்கும். உள்ளே முக்கால்வாசி சூரியகாந்தி விதை, மிச்சம் சாயம் போட்ட ஏதோ உருண்டைகள். ஒரு பாக்கெட்டைப் பிரித்தபோது சிறுபூச்சி பறந்து வந்தது. பூச்சியை விடுங்கள், அரிசியிலும்தான் பூச்சி வருகிறது. விதை மட்டுமே தின்பதுதான் பிரச்சினை. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ சொல்லிக்கொள்ளும்படி இல்லை, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. வருஷக்கணக்கில் விதையையே தின்கிற கிளிக்கு ஈரலில் கொழுப்பு கட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் வாய்க்குள் வெள்ளைத் திட்டு, மூக்கில் நீர், தும்மல், அடிக்கடி நோய்த்தொற்று எல்லாம் வரும். சிறகின் மினுமினுப்பும் போகும். கான்யூர் நன்றாக வைத்திருந்தால் இருபது முப்பது வருஷம் இருக்கும், காக்டைல் பதினைந்து இருபது வருஷம் இருக்கும். அவ்வளவு காலமும் முறுக்கும் மிக்சரும் மட்டும் கொடுத்து ஒரு பிள்ளையை வளர்ப்போமா?

சரி, சந்தைக்கு வருவோம்.

உழவர் சந்தைத் திட்டம் 1999-இல் மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள்தான் கடை போடலாம், தரகு கிடையாது. அன்றைய விலை வாசலில் பலகையில் எழுதியிருக்கும். உள்ளே போவதற்கு முன் அந்தப் பலகையை நான் படிப்பது விலைக்காக மட்டும் இல்லை, அன்றைக்கு என்னென்ன காய் வந்திருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். காலையில் சீக்கிரம் போக வேண்டும். வெயில் ஏறினபின் போனால் முருங்கைக்கீரை கொட்ட ஆரம்பித்திருக்கும், நல்ல கேரட்டை ஓட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான் முதலில் நிற்பது பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு கீரைக்கார அம்மாவிடம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை மூன்றும் எனக்கு வாடிக்கை. கிளிகளுக்கு முருங்கைக்கீரையைவிட நல்ல கீரை நம் ஊரில் கிடையாது என்பது என் கட்சி. வைட்டமின் ஏ இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பெரும்பாலும் வீட்டு மரத்திலிருந்தே ஒடித்து வருவதால் மருந்துப் பயமும் கம்மி. உருவிப் போடத் தேவையில்லை. ஈர்க்கோடு அப்படியே கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ராணி அதைத் தின்பதற்கு முன் அதில் குளிப்பாள். கீரையைக் கழுவி உதறாமல் கட்டினால், ஈர இலைக்குள் புகுந்து சிறகை விரித்து உரசிக்கொள்வாள். காக்டைல்கள் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைகள், ஈரத்தைக் கண்டால் விடாது போலிருக்கிறது.

தண்டுக்கீரை, சிறுகீரை, பாலக் இவற்றையும் கொடுக்கலாம், ஆனால் தினமும் வேண்டாம். இவற்றில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. முட்டையிடும் நிலையில் இருக்கிற பெட்டைக்கு அது ஆகவே ஆகாது. சந்தையில் அதிகமாகக் குவிந்து கிடப்பது சிறுகீரைதான், கையும் அதற்குத்தான் போகும். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம்தான் கோவைக்காய் விவகாரம் ஆரம்பித்தது. அவர் கீரையோடு கொஞ்சம் கோவைக்காயும் கொண்டுவருவார். பழுத்துச் சிவந்ததை யாரும் வாங்க மாட்டார்கள், பொறுக்கி ஒரு ஓரமாக ஒதுக்கிவிடுவார். அதைக் கேட்டேன்.

"என்ன கண்ணு, எல்லாரும் பழுக்காததா பாத்து எடுப்பாங்க, நீ பழுத்ததப் போயி கேக்கற?"

"கிளிக்குங்கம்மா."

"கிளிக்கா! அதுக்குக் காசு வாங்கிட்டு நான் எங்க போயி பாவத்தக் கழுவறது? எடுத்துட்டுப் போ."

அன்றிலிருந்து பழுத்த கோவை எனக்கென்று தனியாக ஒரு காகிதத்தில் இருக்கும். வேலியில் படர்ந்த கோவைப்பழத்தைக் காட்டுக்கிளிகள் கொத்துவதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கயானாவிலும் வடக்கு பிரேசிலிலும் பிறந்த இனம் மஞ்சுவுடையது. அவள் முன்னோர் யாரும் கோவைப்பழத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். வைத்த மாத்திரத்தில் காலால் பிடித்து, நுனியைக் கடித்து, உள்ளே இருக்கிற சிவப்புச் சதையை நக்கி எடுத்துவிட்டாள். தோலை என் மிஷின் மேல் எறிந்தாள். வெள்ளைத் துணி தைக்கிற நாளில் கோவைப்பழம் வைப்பதில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. சந்தையில் மனிதர்கள் ஒதுக்குவதில் பாதி கிளிக்கு விருந்து. பழுத்துப் பிளந்த பாகற்காய்க்குள் சிவப்பாகப் பசை மூடிய விதை இருக்குமே, அது மஞ்சுவுக்கு உயிர். கேரட்டின் தழை, முள்ளங்கியின் இலை, நூல்கோலின் இலை, மக்காச்சோளத்தை உரிக்கும்போது உள்ளே இருக்கிற இளந்தோகை, பரங்கிக்காயைக் கீற்று போடுகிறவர் வழித்துப் போடுகிற விதை எல்லாம் அந்த வகைதான். பரங்கி விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி ஒன்றிரண்டு கொடுங்கள், சூரியகாந்தி விதைக்கு அழுகிற கிளி கொஞ்சம் சமாதானமாகும். இதற்கெல்லாம் அங்கே யாரும் காசு கேட்டதில்லை. ஒன்று மட்டும் கவனம். காயை வாங்காமல் குப்பையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் அடுத்த முறை முகம் மாறும். அரைக் கிலோ பரங்கிக்கீற்று வாங்கிவிட்டு விதையைக் கேளுங்கள்.

பரங்கியும் கேரட்டும் சர்க்கரைவள்ளியும் கிளிக்கு அடிப்படைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு நிறச் சதை எதிலெல்லாம் இருக்கிறதோ அதிலெல்லாம் வைட்டமின் ஏ ஆக மாறுகிற சத்து இருக்கிறது. கேரட்டைத் தோல் சீவித் துருவி வைக்கலாம். பரங்கியையும் சர்க்கரைவள்ளியையும் ஆவியில் அரை வேக்காடு வேகவைத்து, உப்பு போடாமல், ஆறவைத்துக் கொடுப்பேன். சர்க்கரைவள்ளியில் வெள்ளைச் சதையும் வரும், மஞ்சள் சதையும் வரும். விற்பவரிடம் ஒன்றை ஒடித்துக் காட்டச் சொன்னால் காட்டுவார், மஞ்சளாக இருந்தால் வாங்குங்கள்.

மிளகாய் பற்றிச் சொன்னால்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். பழுத்த சிவப்பு மிளகாயை மஞ்சு கடலை மிட்டாய் மாதிரி தின்பாள். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. நம் நாக்கில் எரிச்சலைத் தூண்டுகிற பொருளை உணர்கிற அமைப்பு அவற்றுக்கு அந்த விதத்தில் வேலை செய்வதில்லை. மிளகாய்க்கும் அதனால் லாபம், விதையை மெல்லாமல் எடுத்துக்கொண்டு தூரத்தில் போட ஒரு ஆள் கிடைக்கிறது. சிவந்த மிளகாயில் வைட்டமின் ஏ சத்து நிறையவே உண்டு. ஒரே தொல்லை, மிளகாய் தின்ற அலகோடு வந்து நம் கன்னத்தில் உரசினால் நமக்கு எரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மிளகாய் கொடுத்த நாளில் கிளியைத் தோளில் ஏற்றாதீர்கள்.

மருந்துக் கேள்விக்கு எல்லோரும் நேராகப் பதில் சொல்கிறார்களா? இல்லை. "நாங்க மருந்தே அடிக்கறதில்லக்கா" என்று சட்டென்று சொல்கிறவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு ஓட்டைகூட இல்லாத காலிஃபிளவர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் எப்படி நம்புவது? "போன வாரம் அடிச்சோம்க்கா, கிளிக்குன்னா இத வேணாம், அந்த வரிசையில கெடைக்குது பாருங்க" என்று ஒரு பாலக்கோட்டு அண்ணன் பக்கத்துக் கடையைக் காட்டினார். அதன்பின் எங்கள் வீட்டுச் சமையலுக்கான காய் முழுக்க அவரிடம்தான். கிளிக்குக் காலிஃபிளவர், முட்டைகோஸ், கத்தரிக்காய் மூன்றையும் நான் வாங்குவதில்லை. முதல் இரண்டும் பூச்சிக்குப் பயந்து அதிகம் மருந்து அடிக்கப்படுகிறவை. கத்தரிக்காயில் கிளிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதன் காம்பும் இலையும் ஆகாது.

பாலக்கோடு என்றதும் தக்காளி ஞாபகம் வரும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, அந்தப் பக்கம் ராயக்கோட்டை, எங்கு பார்த்தாலும் தக்காளிதான். விலை விழுந்த நாட்களில் பை நிறைய அள்ளிவரத் தோன்றும். நன்றாகப் பழுத்த தக்காளியில் ஒரு சின்னத் துண்டு எப்போதாவது கொடுக்கலாம். புளிப்பு அதிகம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் தினம் வேண்டாம். தழையும் காம்பும் காயும் கொடுக்கவே கூடாது, விஷத்தன்மை உண்டு. பழத்தின் தலையில் பச்சை நட்சத்திரம் மாதிரி ஒட்டியிருப்பதைக் கிள்ளிப்போட மறக்காதீர்கள்.

அவகாடோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டர் ஃப்ரூட் என்று விற்கிறார்கள். பெங்களூர்க்காரர்கள் ஜூஸ் போட்டுக் குடிப்பதைப் பார்த்து இப்போது தருமபுரியிலும் பழக்கடைகளில் அடுக்கியிருக்கிறார்கள். மனிதருக்கு நல்லது, கிளிக்கு எமன். அதில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு இவையும் தள்ளிவைக்க வேண்டியவை. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். காய்ந்த மொச்சை, ராஜ்மா இவற்றைப் பச்சையாகவோ முளைகட்டியோ கொடுக்காதீர்கள். நம் பக்கம் மொச்சையும் அவரையும் வீட்டுக்கு வீடு உண்டு, குழந்தைகள் ஒன்றை எடுத்துக் கூண்டுக்குள் நீட்டிவிடும். நன்றாக வேகவைத்ததுதான் ஆகும். முளைகட்ட வேண்டுமென்றால் பச்சைப்பயறு போதும். வெயில் காலத்தில் அடிக்கடி அலசுங்கள், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

நெல்லிக்காய்க்கும் ஒரு வார்த்தை. அதியமான் ஊரில் இருந்துகொண்டு நெல்லிக்காய் கொடுக்காமல் இருப்பதா என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். மஞ்சு ஒரு கடி கடித்துத் தலையை உலுக்கிக் கீழே போட்டாள். கிளிகளின் உடம்பே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், நெல்லிக்காய் இல்லாமலே அவள் பிழைப்பாள்.

வாங்கிவந்ததை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, எங்க கிளி காய் தின்னாது என்று கைவிடுகிறார்கள். விதை தின்று பழகின பறவைக்குக் கேரட் சாப்பாடு என்றே தெரியாது. மஞ்சு காலால் பிடித்துத் தின்கிற ஜாதி, அவளுக்கு நீளநீளமான துண்டு வேண்டும். காக்டைல் பெரும்பாலும் காலால் பிடித்துத் தின்னாது. துண்டு போட்டு வைத்தால் சுற்றிச் சுற்றி வந்து பயந்து பார்க்கும். அவற்றுக்குப் பொடியாக நறுக்க வேண்டும், அல்லது இலையாகத் தொங்கவிட வேண்டும். முதலில் விதையிலேயே துருவின கேரட்டைப் பிசறி வைத்தேன், விதையைப் பொறுக்கும்போது அலகில் ஒட்டினது உள்ளே போகட்டும் என்று. ராணி வழிக்கு வந்துவிட்டாள். துரை இன்றுவரை கேரட்டை ஒவ்வொரு துருவலாக எடுத்துக் கிண்ணத்துக்கு வெளியே போடுகிறான். கொத்தமல்லியை மட்டும் விடமாட்டான். அவன் ரசனை அப்படி.

காய்க்கு நேரம் காலைதான். இரவு முழுக்கப் பட்டினி கிடந்து எழுகிற நேரத்தில் முதலில் காய்க் கிண்ணம், ஒரு மணி நேரம் கழித்து விதை. அதற்காகக் காயைத் தின்றால்தான் விதை என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. சமையலறைக்கு வாங்குகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். காக்டைல் 80 முதல் 100 கிராம், சன் கான்யூர் 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் ஆபத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் தருமபுரி வெயில் தெரியும்தானே. நறுக்கின காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக்கூடாது. ஈ மொய்க்கும், கிருமி பெருகும். கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மற்ற வேலை பாருங்கள். இன்னொன்று, பீட்ரூட் கொடுத்த நாளில் எச்சம் ரத்தச் சிவப்பாக இருக்கும். ஓசூரில் இருக்கிற மகனுக்கு போட்டோ அனுப்பிக் கலவரப்படுத்தாதீர்கள். ஒரு நாளில் சரியாகிவிடும். காய் அதிகம் தின்றால் எச்சத்தில் தண்ணீரும் கூடத்தான் இருக்கும், அது பேதி இல்லை.

மாம்பழப் பருவத்தில் சந்தைக்குப் போவதே தனி சுகம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மாங்காய் வந்து இறங்கும், கிளிமூக்கு, செந்தூரா, பீத்தர் எல்லாம். கிளிமூக்கு மாங்காயை மஞ்சுவுக்குப் பக்கத்தில் வைத்து மகன் எடுத்த படம் எங்கள் வாட்ஸ்அப்பில் ரொம்ப நாள் சுற்றியது. பழுத்த சதையை, தோல் சீவி, சின்னத் துண்டாகக் கொடுக்கலாம். சர்க்கரை ஜாஸ்தி, அதனால் பழம் எதுவானாலும் காயைவிடக் குறைவாகத்தான். கொய்யா, மாதுளை, பப்பாளி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மாதுளையில் ஏழெட்டு முத்து போதும். சுவருக்கு எவ்வளவு தெறிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்தில் கிளி வளர்ப்பவருக்கு அடித்த யோகம் கார்த்திகை, மார்கழியில் வரும். கேழ்வரகுக் கதிர்! பால் பிடித்த பச்சைக் கதிரைத் தண்டோடு கொடுத்துப் பாருங்கள், மூன்று பறவைகளும் சத்தமே இல்லாமல் மும்முரமாக இருக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, வேறெந்தத் தானியமும் அதற்குப் பக்கத்தில் வராது. கதிரைச் சந்தையில் கடை போட்டு விற்கமாட்டார்கள். யாராவது விவசாயியிடம் முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும். எனக்கு இண்டூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் கொண்டுவந்து தருகிறார். தினைக் கதிரும் அப்படித்தான். பறவைக்கடையில் செலோபன் தாளில் சுற்றி, வெளிநாட்டுப் பெயர் போட்டு ஒரு கதிர் என்ன விலை விற்கிறார்கள்! அது நம் தினையேதான். வள்ளி புனம் காத்த காலத்திலிருந்து கிளி தேடி வருகிற தானியம் அது.

செலவு எவ்வளவு ஆகும்? கீரை ஒரு கட்டு, பரங்கி ஒரு கீற்று, கேரட் ரெண்டு, மிளகாய் ஒரு பிடி என்று சாதாரண நாளில் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. மூன்று பறவைக்கும் சில நாளைக்கு வரும், அதில் பாதி எங்கள் சாம்பாருக்கும் போகும். பாக்கெட் தீனிக்கு மகன் கொடுத்துக்கொண்டிருந்த காசோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஓசூர் உழவர் சந்தை இதைவிடப் பெரியது என்று மகன் சொல்வான். அது உண்மைதான். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துக் காய் வருகிற இடம், குளிர்ந்த பூமி. சிவப்பு குடைமிளகாய், புரோக்கோலி, பீன்ஸ், நல்ல கேரட் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். சிவப்பு குடைமிளகாயை அவன் ஊருக்கு வரும்போது வாங்கிவருவான். மூன்றுமே விரும்பித் தின்கின்றன. ஆனால் பசுமைக்குடில் போட்டு வளர்க்கிற குடைமிளகாய்க்கும் மருந்து அடிப்பார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் அங்கேயும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். "கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கறதா, மருந்துக் கதை கேக்கறதா?" என்கிறான்.

சந்தைக்குப் போகிறவர்கள் துணிப்பை எடுத்துப்போங்கள், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நின்று யாரிடமும் எதையும் விசாரிக்க முடியாது. வார நாளில் போனால் விவசாயிகளுக்கும் பேச நேரம் இருக்கும். கிளிக்கு என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள், சிலர் நம்மைவிட அதிகமாகக் கிளியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். கதிரைக் கொத்தி நாசம் செய்கிற காட்டுக்கிளியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஆயிற்றே.

சந்தையில் கிடைக்காததும் உண்டு. கணவாய் மீனின் ஓடு பறவைக்கடையில்தான் வாங்க வேண்டும். அலகு தேய்வதற்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் கூண்டில் ஒன்று எப்போதும் தொங்கவேண்டும். பெல்லட் என்கிற, சத்தெல்லாம் கலந்து உருண்டையாகச் செய்த தீனியும் இங்கே நல்லது கிடைப்பதில்லை. காய் மட்டுமே கொடுத்தாலும் சத்து சரியாக அமையாது. காயும் கீரையும் ஒரு பங்கு, பெல்லட் ஒரு பங்கு, விதை கொஞ்சம் என்று கலந்துதான் கொடுக்கிறேன். பெல்லட்டை மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்புகிறான். டப்பா அடியைத் தொட்டுவிட்டது, இந்த வாரம் வரும்போது எடுத்துவரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன்.